விளையாட்டில் மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?

"ஹென்போனைக் கையில கொடுத்தா மூணு மணி நேரம் அசைய மாட்டான். கணக்குப் புத்தகத்தைத் திறந்தா மூணு நிமிஷம் உட்கார மாட்டான். இவனுக்கா கவனம் இல்ல?"

ஜொகூர் மாநிலத்தின் செடெனாக்கிலும் கூலாய்ப் பக்கத்துத் தாமான்களிலும் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை, என்ற பேச்சை எடுத்ததுமே பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கோபத்தில் கேட்பதுதான், ஆனாலும் நியாயமான கேள்வி. மூளையை ஆராய்கிறவர்களும் பல பத்தாண்டுகளாக இதையே கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில், அந்தப் பையனைப் பற்றி நாம் எழுதி வைத்துவிட்ட தீர்ப்பைத் திருத்தக்கூடியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்குக் கவனம் இரண்டு வழிகளில் வருகிறது. எதிரே இருக்கும் பொருளே நம்மை இழுத்துக்கொள்வது ஒரு வழி. வெளியே பட்டாசு வெடித்தால் யாரும் சொல்லாமலே திரும்பிப் பார்க்கிறோம். மற்றொன்று, நம்மை இழுக்காத ஒன்றின்மீது நாமாக மனத்தைப் பிடித்து நிறுத்துவது. வாய்ப்பாடும் வருமான வரிப் பாரமும் அப்படிப்பட்டவை. ஏடிஎச்டி உள்ளவருக்கு முதல் வழியில் குறையில்லை, சில சமயம் மற்றவர்களைவிட அதிகமாகவே அதில் மூழ்கிவிடுவார். இரண்டாம் வழிதான் கைகொடுப்பதில்லை. கேமில் சில விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு பலன் கிடைத்துக்கொண்டே இருக்கிறது: ஒரு சத்தம், ஒரு புள்ளி, ஒரு வெற்றி. கணக்குப் புத்தகத்தின் பலனோ பல மாதங்கள் தள்ளி, பரீட்சைத் தாளில் இருக்கிறது.

தள்ளி இருக்கும் பலனுக்காக இப்போதே உழைக்க வைப்பதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மருந்து எதுவும் எடுத்திராத ஏடிஎச்டி உள்ள 53 பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2009இல் முடிவை வெளியிட்டது. ஊக்கத்தோடும் வெகுமதியோடும் தொடர்புள்ள பகுதிகளில் டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் அமைப்புகள் அவர்களிடம் சராசரியாகக் குறைவாக இருந்தன. அதற்கு ஐந்தாண்டு முன்பு அதே ஆய்வாளர் செய்த சோதனை எனக்கு இன்னும் வியப்பானது. நலமாக இருக்கும் சிலருக்கு மெதில்ஃபெனிடேட் என்ற மாத்திரையைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். மூளையில் டோபமைன் கூடியது, கணக்கும் முன்னைவிடச் சுவாரசியமாக இருந்தது என்றார்கள். அதே மாத்திரையைக் கொடுத்து, வேலை எதுவும் தராமல் படங்களை மட்டும் பார்க்கச் செய்தபோது அந்த உயர்வு இல்லை. சுவாரசியம் பாடத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் பிள்ளையின் நல்ல மனத்தில் இருக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு பங்கு மூளை அந்த நிமிடத்தில் எவ்வளவு டோபமைனைச் சுரந்து நிறுத்தி வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

பள்ளிக்குக் கிளம்பும் காலை வேளையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மணி 6:40. "ரூமுக்குப் போய் சாக்ஸ் போடு, பையில கணக்குப் புக்கு வை, வரும்போது தண்ணிப் போத்தல எடுத்துக்கிட்டு வா" என்கிறார் அம்மா. பையன் "சரிம்மா" என்று ஓடுகிறான். ஒரு காலில் சாக்ஸ் ஏறுகிறது. மற்ற சாக்ஸைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தால் போன வாரம் தொலைந்த பொம்மைக் கார் கிடைக்கிறது. அதன் சக்கரம் ஒன்று கழன்றிருக்கிறது. பத்து நிமிடம் கழித்து அம்மா எட்டிப் பார்க்கும்போது, ஒரு கால் சாக்ஸோடு தரையில் உட்கார்ந்து சக்கரத்தை மாட்டிக்கொண்டிருக்கிறான். வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். "எத்தனை தடவடா சொல்றது!"

அவன் சொல் பேச்சு கேட்காத பிள்ளை அல்ல. மூன்று கட்டளையையும் கேட்டான், செய்யவே புறப்பட்டான். கேட்டதை மனத்தில் ஏந்திக்கொண்டு வேலை செய்வதற்கு மூளையில் ஒரு தற்காலிக இடம் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அது சின்னது. கார் உள்ளே வந்ததும் புக்கும் போத்தலும் வெளியே விழுந்துவிட்டன. ஹார்ன் சத்தம் கேட்டதும் மூன்றும் திரும்ப நினைவுக்கு வருகின்றன. அப்போது அவன் முகத்தில் தெரிவது திமிர் அல்ல, திகைப்பு. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக அழுத்திச் சொல்லி வருவது இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், தெரிந்ததை அந்த நேரத்தில் செய்ய முடிவதில்லை. அறிவுரை ஏன் வேலைக்காவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் அறிவுரை இன்னொரு முறை சொல்கிறது.

2007இல் ஃபிலிப் ஷா தலைமையில் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று பல பெற்றோரின் மனப்பாரத்தைக் குறைத்திருக்கிறது. ஏடிஎச்டி உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களையும் இல்லாத 223 பிள்ளைகளின் படங்களையும் வைத்து, மூளையின் மேலுறை எந்த வயதில் தன் உச்சத் தடிப்பை எட்டுகிறது என்று பார்த்தார்கள். பொதுவாக ஏழரை வயதில் எட்டிய நிலையை ஏடிஎச்டி உள்ளவர்கள் பத்தரை வயதில்தான் எட்டினார்கள். திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் முன்பகுதியில் தாமதம் அதிகமாகத் தெரிந்தது. உடலை அசைக்கும் பகுதி மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே முதிர்ந்தது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, வேகம்தான் பிந்தியது. இது சராசரிக் கணக்கு என்பதால் ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து யாரும் ஏடிஎச்டி என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஒன்பது வயதுப் பையனிடம் ஆறு வயதுப் பிள்ளைக்குரிய பொறுமையைத்தான் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால் பல வீடுகளில் மாலை நேரச் சண்டை பாதி குறைந்துவிடும்.

"நானும் சின்ன வயசுல இவன மாதிரிதான். எல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று கிளினிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லாத அப்பா இல்லை. தன்னை அறியாமல் அவர் முதல் வாக்கியத்தில் ஓர் அறிவியல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஏடிஎச்டியில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 விழுக்காடு மரபணுவோடு தொடர்புடையது. உயரத்தின் மரபுத்தன்மைக்கு இது அவ்வளவு பின்தங்கியதல்ல. ஏடிஎச்டிக்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்களிக்கும் ஏராளமான மரபணு வேறுபாடுகள் சேர்ந்துதான் இந்த நிலை உருவாகிறது. குறைமாதப் பிறப்பும் மிகக் குறைந்த பிறப்பெடையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அம்மா வேலைக்குப் போனதாலோ பாட்டி செல்லம் கொடுத்ததாலோ இது வருவதில்லை. மைலோவில் போட்ட சீனியாலும் வருவதில்லை.

சீனி விஷயத்தில் நம் நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதற்கு 1994இல் வந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். தங்கள் மகன்களுக்குச் சீனி கலந்த பானம் கொடுத்திருப்பதாகச் சில தாய்மாரிடம் சொன்னார்கள். உண்மையில் எந்தப் பிள்ளைக்கும் சீனி கொடுக்கவில்லை. அப்படியும் அந்தத் தாய்மார் தங்கள் மகன் அதிகமாகத் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள், மகனை விட்டு விலகாமல் கூடுதலாகக் குறை சொன்னார்கள். சீனியைக் குறைப்பது பல்லுக்கும் உடம்புக்கும் நல்லது. ஏடிஎச்டியோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

மரபணுவில் இவ்வளவு ஊறியது என்றால், இது தாத்தாக்களின் காலத்திலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? செடெனாக்கைச் சுற்றிப் பால்மரமும் பிறகு செம்பனையும் நிறைந்திருந்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டு, தண்டல் பேரைக் கூப்பிடுவார். இன்று எந்த நிரை என்று அங்கேயே தெரிந்துவிடும். மரத்துக்கு மரம் நடை, கையில் கத்தி, வெட்டியதும் பால் வடிவது கண்ணுக்குத் தெரியும். நண்பகலுக்குள் பால் ஸ்டோருக்குப் போய்விடும், எடை அங்கேயே புத்தகத்தில் ஏறிவிடும். நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைத் தோட்டமே செய்தது. பலன் அன்றைக்கே தெரிந்தது. உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட மூளைக்கு அந்த வேலை ஓரளவு ஒத்துப்போயிருக்கும் என்பது என் ஊகம்.

இதை ஒட்டிய ஓர் ஆய்வு கென்யாவில் நடந்தது. அங்கே அரியால் என்ற மேய்ச்சல் சமூகத்தில் ஒரு பிரிவினர் இன்னும் கால்நடையோடு இடம்பெயர்ந்து வாழ்கிறார்கள், மற்றொரு பிரிவினர் ஊரில் தங்கிவிட்டார்கள். டோபமைன் தொடர்பான ஒரு மரபணு வடிவம் ஏடிஎச்டி உள்ளவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுவதுண்டு. அந்த வடிவம் இருந்த ஆண்கள் மேய்ச்சல் வாழ்க்கையில் மற்றவர்களைவிட நல்ல ஊட்டத்தோடு இருந்தார்கள். ஊரில் தங்கியவர்களிடம் கதை தலைகீழ், அதே வடிவம் இருந்தவர்கள் மெலிந்திருந்தார்கள். 2008இல் வெளிவந்த அந்த ஆய்வு சிறியது, ஒரு மரபணுவின் பங்கும் சிறியது, அதன்மேல் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனால் ஒரே இயல்பு ஓரிடத்தில் பலமாகவும் இன்னோர் இடத்தில் பாரமாகவும் முடியலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அதற்காகத் தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அவசர புத்தியாலும் சம்சு பழக்கத்தாலும் அழிந்த ஆண்களின் கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவர்களில் சிலருக்காவது இந்த நிலை இருந்திருக்கும். யாரும் கண்டு சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்று அதே செடெனாக்கில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி, டெக் பார்க்கும் தரவு மையங்களும் எழுந்திருக்கின்றன. அங்கே வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் முதலில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். தாத்தாவின் காலத்தில் மறைந்திருந்தது பேரன் காலத்தில் பள்ளி ரிப்போர்ட்டில் சிவப்பு மையாக வந்து நிற்கிறது.

மருந்தின் வரலாறு தற்செயல்களால் ஆனது. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமலும் தங்களை அடக்க முடியாமலும் இருந்த பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்ல்ஸ் பிராட்லி, தன் மருத்துவ விடுதியில் இருந்த 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு அருகில் பாடத்தில் திடீர் முன்னேற்றம். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தார்களாம். 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் மெதில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அதற்கு வைத்த பெயர் ரிட்டாலின், அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. துள்ளும் பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்று முதலில் யாருக்கும் விளங்காது. மூளையின் முன்பகுதிதான் கடிவாளம். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கைக்கு அந்த மருந்து வலு சேர்க்கிறது, அதனால் ஓட்டம் அடங்குகிறது.

சில பெற்றோருக்கு மாத்திரை என்றதும் அடிமையாகிவிடுவானோ என்ற பயம். மெதில்ஃபெனிடேட் மலேசியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்பது உண்மை. மருத்துவர் சொன்ன அளவில், அவருடைய கண்காணிப்பில் வாயால் உட்கொள்ளும்போது அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு. பக்க விளைவுகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: பசி மந்தமாகும், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பு கொஞ்சம் கூடலாம், வளர்ச்சி லேசாகப் பிந்தலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். "மாத்திரை போட்டா மத்தியானம் சோத்தத் தொட மாட்டேங்குறான்" என்று கலங்கும் அம்மாவுக்கு வழி இருக்கிறது. மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவைக் கொடுத்துவிடலாம். மருந்து இறங்கிய இரவில் பசி திரும்பிவிடும், அப்போது இன்னும் ஒரு சாப்பாடு கொடுக்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்றும்படி கேட்கலாம், ஊக்க மருந்து வகையைச் சேராத ஆட்டோமாக்செடின் போன்றவையும் இருக்கின்றன.

579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து அறிகுறிகளைக் குறைப்பதில் முந்தியது. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆண்டுகள் போனபின் குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மங்கிவிட்டது. மருந்து ஆளைத் திருத்தி முடித்துவிட்டு ஒதுங்கும் வகையானதல்ல, வேலை செய்யும் மணிநேரத்தில் உதவுகிறது. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்பாகப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் படி.

அந்தப் பயிற்சியின் சாரம் என்னவென்றால், உதவியை வேலை நடக்கும் இடத்திலும் நேரத்திலும் கொண்டுபோய் வைப்பது. சாக்ஸ், புக்கு, போத்தல் என்று மூன்று படத்தை வரைந்து அறைக் கதவில் ஒட்டிவிட்டால் மூளை ஏந்த வேண்டியதைக் கதவு ஏந்திக்கொள்ளும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா இருந்தா சைக்கிள் வாங்கித் தரேன்" என்பதில் பயனில்லை, வெள்ளிக்கிழமை அவனுக்கு வெகு தூரம். ஐந்து கணக்கு முடிந்த கையோடு ஒரு ஸ்டிக்கர், இரண்டு நிமிட ஓட்டம், மறுபடி ஐந்து கணக்கு என்றால் நடக்கும். மணி ஓடுவது கண்ணில் படும்படி மேசைமேல் டைமர் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சொல் போதும், அதையும் கிட்டே போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ரோத்தான் எடுத்தால் அந்த நிமிடம் அடங்குவான். ஆனால் அடுத்த முறை கை நீளும் கணத்தில் ரோத்தான் நினைவுக்கு வந்தால்தானே தடுக்கும்? அந்தக் கணத்தில் எதுவும் நினைவுக்கு வராததுதான் அவனுடைய சிக்கலே. அடி அவனுக்குக் கற்றுத்தருவது தான் கெட்ட பிள்ளை என்பதை மட்டும். வளர்ந்தபின் பலரை வாட்டுவது மறதியைவிட அந்த எண்ணம்தான்.

துள்ளும் பிள்ளைக்கெல்லாம் ஏடிஎச்டி முத்திரை குத்துவதும் தவறு. 2013இல் வந்த அமெரிக்க வரையறையின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். காது மந்தம், கண் பார்வை, தூக்கக் குறைவு, வீட்டில் நடக்கும் பிரச்சினை எல்லாமே இதேபோல் தோற்றம் காட்டும். பிறந்த மாதமும் ஏமாற்றும். பள்ளிச் சேர்க்கைக்குச் செப்டம்பர் முதல் தேதியை எல்லையாக வைத்த அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 விழுக்காடு அதிகமாக ஏடிஎச்டி என்று முடிவு செய்யப்பட்டிருந்தது 2018இல் தெரியவந்தது. மலேசியாவில் அந்த எல்லை ஜனவரி. ஆகவே முதலாம் ஆண்டு ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பற்றி முறையிட்டால், அது டிசம்பரில் பிறந்த பிள்ளையா என்று முதலில் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு நேர்வது இதற்கு எதிர்மாறான தவறு. அவர்களில் பலர் ஓடுவதில்லை, மேசையைத் தட்டுவதில்லை. சன்னல் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், மனம் மட்டும் எங்கோ போயிருக்கும். "நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்" என்று டீச்சர் எழுதிவிடுவார். யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதாலேயே யாரும் கவனிப்பதில்லை. உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு ஏடிஎச்டி இருக்கிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பேர். அந்த ஒன்றிரண்டில் சத்தம் போடும் பையனை மட்டுமே நாம் பார்க்கிறோம்.

செடெனாக்கில் இருக்கும் ஒரு குடும்பம் எங்கே தொடங்கலாம்? அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ போக வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் சில ரிங்கிட்தான், செலவாவது காத்திருக்கும் காலம். மலேசியச் சுகாதார அமைச்சு இந்த நிலைக்கென்று 2008இலேயே மருத்துவ வழிகாட்டி வெளியிட்டது, 2020இல் அதைப் புதுப்பித்தது. ஆகவே மருத்துவர் தம் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட மாட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டின் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் ஏடிஎச்டியும் அடங்கும். கார்டு எடுப்பதா, பிபிகேஐ என்ற சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ப்பதா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் முடிவு. பலர் வழக்கமான வகுப்பிலேயே முன் வரிசையும் கொஞ்சம் பொறுமையும் கிடைத்தால் படித்துக்கொள்கிறார்கள். ஜொகூரில் மனநலம் என்றதும் தம்போயிலுள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கிண்டல் செய்யும் பழக்கம் பழையது. அந்தக் கிண்டலுக்குப் பயந்து எத்தனையோ பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

"போகப் போகச் சரியாயிடும்" என்ற அப்பாவிடம் வருவோம். சிலருக்குச் சரியாகிறது. துள்ளல் பெரும்பாலும் அடங்கிவிடும். மறதியும் தள்ளிப்போடுவதும் அவசரமும் பலரோடு தங்கிவிடுகின்றன. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இந்த நிலை தொடர்கிறது. கட்ட மறந்த மின்சாரப் பில், மூன்று மாதத்துக்கு ஒரு வேலை, பேச்சின் நடுவே குறுக்கிட்டு மனைவியிடம் வாங்கும் திட்டு என்று அது வேறு உருவத்தில் வரும். உயிருக்கே ஆபத்தான உருவமும் உண்டு. இந்தப் பகுதியிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாருவுக்கும், எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அரைத் தூக்கத்தில், ஒரே மாதிரி நீளும் சாலையில், கவனத்தைத் தானாகப் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை அது. ஏடிஎச்டி உள்ள 23 லட்சம் அமெரிக்கர்களின் பதிவுகளைப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே ஆள் மருந்து எடுத்த மாதங்களில், எடுக்காத மாதங்களைவிடச் சாலை விபத்துக்காக அவசரப் பிரிவுக்குப் போவது ஆண்களில் 38 விழுக்காடும் பெண்களில் 42 விழுக்காடும் குறைவாக இருந்தது.

மகனுக்காகக் கிளினிக்குக்கு வந்த இடத்தில் தனக்கும் இதுதானோ என்ற எண்ணம் ஓர் அப்பாவுக்கு வந்தால், அதை அவர் வாய்விட்டுச் சொல்லலாம். பெரியவர்களையும் பரிசோதிக்கிறார்கள், மருந்தும் பயிற்சியும் அவர்களுக்கும் உதவுகின்றன. போகும்போது தொடக்கப்பள்ளி ரிப்போர்ட் புத்தகம் வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போவது நல்லது. 12 வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்பார். அதற்கு அவரைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.